அசாரோ

கிழங்கைச் சீவிச் சீவிக் கை பிசுபிசுவென்று ஆகிவிட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பால் இப்படித்தான், தண்ணீருக்குப் போகாது, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நகக்கண்ணில் கறுப்பாக நின்றுவிடும். நிற்கட்டும். யார் பார்க்கப்போகிறார்கள் என் நகக்கண்ணை. மணி பதினொன்றேகால். பன்னிரண்டரைக்கு அவருக்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு மாத்திரை. அதற்குள் ஆகிவிடும் என்றுதான் இவரோடு வேலை பார்த்த ஞானப்பிரகாசம் போனில் சொன்னார், முக்கால் மணி நேரம் போதும் அக்கா, நம்ம கூட்டு மாதிரிதான், கூட்டைவிட லேசு என்றார். நம்ம கூட்டு மாதிரி. அப்படியானால் கூட்டையே கேட்டிருக்கலாமே இவர். முப்பத்திரண்டு வருஷமாக நான் வைக்கிற கூட்டு, பூசணிக்காயில், புடலங்காயில், சேனையில், ஒன்றின் பேராவது வாயில் வந்திருக்கலாம். உடம்பில் பாதி செத்து, பேச்சு போய், ஒரு மாதம் ஊமையாகக் கிடந்து, பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வரும்போது, எத்தனை சொல் இருக்கிறது தமிழில். முதலில் வந்தது தண்ணி. சரி, உயிருக்குத் தண்ணி வேண்டும். இரண்டாவது வந்தது வேண்டா. மூன்றாவது என் பெயராக இருக்கும் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தினமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுலோச்சனா நீளமான பெயர், நாக்கு புரளாது, சுலோ என்றாவது. மூன்றாவது வந்தது அசாரோ.

துண்டு பெரிதாகப் போய்விட்டது, இரண்டாக நறுக்கு. ரொம்பப் பொடியாக நறுக்கினால் கரைந்துவிடும், பாதி கரையணும் பாதி நிக்கணும் என்றார் ஞானப்பிரகாசம். கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்தாயிற்று என்றால் அரைத்த விழுது, அது கொதித்ததும் எண்ணெய், பிறகு நேந்திரம்பழம். பழம் என்றால் பழமும் இல்லை, காயும் இல்லை, தோல் மஞ்சளாகி அங்கங்கே கறுப்பு விழுந்து, கையில் அழுத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும். சிங்காநல்லூர் உழவர் சந்தையில் நேற்று மூன்று கடை ஏறி இறங்கினேன், சிப்ஸுக்கா அம்மா, குழந்தைக்கா அம்மா என்று கேட்டாள் ஒருத்தி. எதுக்குமில்லை என்றேன். கடல் தாண்டி இபாதான் என்கிற ஊரில் இருபத்திரண்டு வருஷம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் அங்கே எங்கேயோ தின்ற ஒன்றுக்கு ஏங்குகிறார், அதற்கு என்றா சொல்ல முடியும். இரண்டாயிரத்து ஒன்றில் போனார். மகள் பிரதீபாவுக்கு அப்போது ஏழு வயசு. இங்கே மில் மூடினார்கள், அங்கே கூப்பிட்டார்கள், போனார், தப்பில்லை, இந்தத் தெருவிலேயே நாலு பேர் அப்படிப் போனவர்கள்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் நாற்பது நாள் லீவு. பத்துத் தரம் வந்தார். நானூறு நாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் புருஷனோடு இருந்தது நானூறு நாள், அதிலும் முதல் வாரம் ஜெட்லாக் என்று தூங்குவார், கடைசி வாரம் பெட்டி கட்டுவார். நடுவில் இருக்கிற நாளெல்லாம் நான் சமைத்துக்கொண்டே இருந்தேன். நாட்டுக்கோழி, சந்தகை, கச்சாயம், அரிசியும்பருப்பும். எதைப் போட்டாலும் சாப்பிட்டார். நல்லாருக்கு என்றதுமில்லை, நல்லாயில்லை என்றதுமில்லை. விருந்தாளி சாப்பிடுகிற மாதிரி, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிழங்கு கொதிக்கிறது. ஹாலில் அவர் ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறார், இங்கிருந்து பார்த்தால் பின்னந்தலையும் இடது தோளும் தெரிகிறது. வலது தோள் இறங்கிப்போனதால் தெரியாது. அந்த நாற்காலியைப் பதினோரு நாள் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று பிரதீபாவிடம் போனில் சொன்னேன். நினைக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறேன், அடுப்பைப் பார், கிழங்கைப் பார் என்று. ஆனால் நான்தானே திருப்பினேன். பேச்சுப் பயிற்சி சொல்லித்தர வருகிற பெண், மாஸ்டர் சொல்ற எல்லா வார்த்தையும் நோட்டுல எழுதி வைங்க ஆன்ட்டி, அர்த்தம் இல்லாட்டியும் எழுதுங்க என்றாள். தண்ணி, வேண்டா, அசாரோ. எழுதினேன். ஒரு நாளில் ஏழு தடவை, எட்டுத் தடவை, சோறு கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசாரோ, சாயங்காலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அசாரோ. அந்தப் பெண், அது யாருடைய பேராவதா என்று கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். என் கையில் பேனா நின்றுவிட்டது. பேர்தான். பொம்பளை பேர்தான். அந்த நிமிஷத்தில் இருபத்திரண்டு வருஷமும் ஒரு சீட்டுக்கட்டைப் போல எனக்கு முன்னால் சரிந்து விழுந்தது. போன் எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகள். வேலை இருந்துச்சு சுலோ. மில்லு ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்று தெரியாதவளா நான், மில்காரன் மகள்.

பரண்மேல் இருந்த அவருடைய இரண்டு பெட்டியையும் இறக்கினேன். ஐம்பத்தேழு வயசில் ஸ்டூல்மேல் ஏறி. பூப்போட்ட சட்டைகள், அங்கத்துத் துணி, கஞ்சி போட்டு மடித்தது, யார் மடித்தார்களோ, இவர் கைலியைக்கூடச் சுருட்டித்தான் வைப்பார். பழைய காலண்டர், மில்லுக்காரர்கள் கொடுத்த கடிகாரம், பாஸ்போர்ட். போட்டோ இல்லை, கடுதாசி இல்லை. ஒன்றுமே இல்லை என்பதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத பெட்டிதான் ஜாக்கிரதையாகக் கட்டிய பெட்டி என்று தோன்றியது. இறங்கி வந்து அவர் முன்னால் நின்று யாருங்க அவ என்று கேட்டேன். கேட்டவுடன் அழுதார். இந்த நோவு வந்தவர்கள் சும்மாவே அழுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், பாதி முகம் அழும், பாதி முகம் பேசாமல் இருக்கும். அந்தப் பாதி அழுகையைப் பார்த்து எனக்கு சந்தோஷமாக இருந்தது. இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அதற்கப்புறம் பதினோரு நாள் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், எல்லாம் செய்தேன், குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. சவரம் மட்டும் செய்யவில்லை. நரை தாடி முளைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ கோயில் வாசலில் விட்டுப்போன ஆள் மாதிரி இருந்தார். பேச்சு வராத மனுஷனிடம் பேசாமல் இருந்து தண்டிக்கிறவள் நான்.

வெங்காயம், தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், காந்தாரி மிளகாய் நாலு. அங்கே ஒரு மிளகாய் உண்டாம், குட்டிப் பூசணி மாதிரி இருக்குமாம், காது அடைக்கிற காரமாம், அது இங்கே கிடைக்காது. மிக்ஸியில் போட்டு மூடியை அழுத்திப் பிடித்துக்கொள். மிக்ஸி ஓடும்போது எதையும் வாய்விட்டுச் சொல்லலாம், பக்கத்து வீட்டு மரகதத்துக்கும் கேட்காது, ஹாலில் இருக்கிறவருக்கும் கேட்காது, பல வருஷமாக நான் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி. நாசமாப் போக என்று சொன்னேன். யாரை என்று யோசிக்கவில்லை. அவரையா, அந்த ஊரையா, சந்தையில் குழந்தைக்கா என்று கேட்டவளையா. சிரித்தாளே பிரதீபா, அவளையா. பன்னிரண்டாவது நாள் ஓசூரிலிருந்து பிரதீபா போன் பண்ணி, அம்மா, அப்பா என்னவோ ஒரு வார்த்தை சொல்றாருன்னீங்களே, நான் ஞானப்பிரகாசம் மாமாகிட்ட கேட்டேன் என்றாள். திண்டுக்கல்காரர், இவரோடு ஒரே குவார்ட்டர்ஸில் ஆறு வருஷம் இருந்தவர். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. அது பேரு இல்லம்மா, சாப்பாடும்மா, கிழங்கும் வாழைப்பழமும் போட்ட ஏதோ கூழு, அதப் போயி நீங்க. என் சந்தேகத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை, அவளாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். நானும் சிரித்தேன். அன்றைக்கே நாற்காலியைத் திருப்பினேன், சோப்புப் போட்டு நுரை தடவிச் சவரம் செய்தேன், கன்னத்தைத் துடைத்துவிட்டு மன்னிச்சுக்கோங்க என்றுகூடச் சொன்னேன். மிக்ஸியை நிறுத்தியதும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. அவர் தலை திரும்பவில்லை. கேட்டிருக்காது.

விழுதை ஊற்றியாயிற்று. சிவப்பாக நுரைத்துக்கொண்டு வருகிறது. இப்போது எண்ணெய். அவர்கள் ஊற்றுவது பனைக்கொட்டையில் பிழிந்த சிவப்பு எண்ணெயாம், குங்குமம் கரைத்த மாதிரி இருக்குமாம், ஞானப்பிரகாசம் சொல்லும்போதே அந்த ஆளுக்கு வாய் ஊறியது எனக்குக் கேட்டது. ரேஷன் கடைப் பாமாயில் அதே மரத்து எண்ணெய்தான் அக்கா, ஆனா அந்த நெறத்தையும் வாசனையையும் எடுத்துப்புடறாங்க என்றார். நிறத்தையும் வாசனையையும் எடுத்துவிட்ட எண்ணெய்தான் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் ஊற்றுகிறேன். மிளகாய்த்தூள் கொஞ்சம் வறுத்துச் சேர்த்தால் சிவப்பாவது வரும். கருவாட்டுக் கடையில் வாங்கிய சென்னாகுனியை, காய்ந்த பொடி இறாலை, இடித்து வைத்திருக்கிறேன், அதைப் போட்டதும் வீடு முழுக்கக் குப்பென்று ஏறியது, கடல் ஓரத்து நாற்றம், மரகதம் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. சாத்திக்கொள்ளட்டும். அவர் தலை மட்டும் இப்போது திரும்பியது. நாற்காலியின் கைப்பிடியை இடது கை தட்டுகிறது. தெரிந்துவிட்டது அவருக்கு. மூக்குக்குப் பக்கவாதம் வராது போலிருக்கிறது.

செய்முறையைக் கேட்டு எழுதுவதற்காக நானே ஞானப்பிரகாசத்துக்குப் போன் போட்ட அன்றைக்கு, எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, சும்மா, நன்றி சொல்கிற மாதிரி, உங்க மெஸ்ஸில இத அடிக்கடி போடுவாங்களா தம்பி என்று கேட்டேன். மெஸ்ஸிலயா, நம்ம தேனிக்காரரு சமையல்கா, சாம்பாரு ரசம் தவிர அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது, ஆறு வருசத்துல ஒரு நாள் போட்டதில்ல என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். ஒரு இடைவெளி. அப்புறம் வெளியில எங்கயாச்சும் ஓட்டல்ல சாப்பிட்டிருப்பாருக்கா மாஸ்டரு என்றார். ஓட்டலில் தின்றதற்கா இப்படி. ஓட்டலில் தின்றதை உயிர் போகிற நேரத்தில் ஒருத்தன் கேட்பானா. அந்த இடைவெளியை நான் அதற்குப் பிறகு தினமும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அரிசியில் கல் பார்க்கிற மாதிரி. மறுபடியும் நாற்காலியைத் திருப்பவில்லை. அந்த வெறி ஒரு தடவைதான் வரும் போலிருக்கிறது. பிரதீபாவிடம் சொல்லவில்லை, சொன்னால் மறுபடியும் சிரிப்பாள், அல்லது சிரிக்கமாட்டாள். செய்து போடுவது என்று முடிவு பண்ணினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. இரக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது பிடிக்காமல் போகட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். நான் வைத்து, அது அது மாதிரி இல்லாமல் போய், அவர் முகத்தைச் சுளித்து, இது வேண்டா என்று தள்ளிவிட்டால், சரி, அது அங்கேதான் கிடைக்கும், இங்கே கிடைக்காது என்று ஒரு முடிவுக்கு வரலாம். பிடித்துவிட்டால்? அதுதான் பயம். பிடித்துவிட்டால் நான் தினமும் வைக்க வேண்டும். என் அடுப்பில், என் பாத்திரத்தில், தினமும் அவள் கை.

நேந்திரம்பழத்தைச் சாய்வாக நறுக்கிப் போட்டாயிற்று. மூடி வை. பழம் வேகும்போது சென்னாகுனி நாற்றத்துக்கு அடியிலிருந்து ஒரு இனிப்பு மணம் எழுகிறது, காரமும் இனிப்புமாக, இரண்டும் ஒன்றையொன்று விடாமல். நன்றாகத்தான் இருக்கிறது மணம், அதுவே எரிச்சலாக இருக்கிறது. எப்படி இருப்பாள். கனமாக, பளபளவென்று, தலையில் துணி கட்டி, அடுப்புக்கு முன்னால் நின்று பாடுவாளாக இருக்கும். சத்தமாகச் சிரிப்பாளாக இருக்கும். இவர் அங்கே பேசியிருப்பாரோ. இங்கே பேசாத பேச்சையெல்லாம் ஒரு அரைகுறை இங்கிலீஷில் அங்கே பேசித் தீர்த்திருப்பாரோ. கரண்டியால் ஓரத்தில் கொஞ்சம் மசித்து விடு. கிழங்கு பாதி கரைந்து குழம்பு கெட்டியாகிவிட்டது. கடைசியில் ஒரு பிடி கீரை, அது வதங்கினால் போதும். பன்னிரண்டு இருபது.

தட்டில் போட்டு விசிறி ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். தோளில் துண்டைப் போர்த்தி, தட்டை மடியில் வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. முதல் கரண்டி ஊட்டினேன். வாயை மூடினார், கண்ணையும் மூடினார். மென்றார், வலது ஓரத்தில் வழிந்ததைத் துடைத்தேன். இரண்டாவது கரண்டிக்கு வாயைத் தானே திறந்தார். அசாரோ என்றார், கேட்கிற குரலில் இல்லை, ஆமாம் என்கிற குரலில். பிடித்துவிட்டது. மூன்றாவது கரண்டியை எடுக்கப்போனபோது இடது கையை நீட்டிக் கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று மாதமாக அந்தப் பயிற்சிப் பெண் ரப்பர் பந்தும் பென்சிலும் கொடுத்துக் கெஞ்சியிருக்கிறாள், ஒன்றையும் பிடித்ததில்லை. இப்போது பிடித்தார். தட்டில் துழாவி ஒரு துண்டு நேந்திரம்பழத்தை எடுத்தார், கை நடுங்கியது, ஆனால் எடுத்தார். கோணிய உதட்டைக் குவித்து ஊதினார், காற்று ஒரு பக்கமாகப் போனது, மறுபடி ஊதினார். தானாகச் சாப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். கரண்டி அவர் வாய்க்குப் போகவில்லை. நாற்காலிக்கு வெளியே, இடது பக்கம், கீழே இறங்கியது. கைப்பிடி உயரத்துக்கு வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, ஆ என்றார்.

மூன்று, நாலு வயசு உயரம். அந்த உயரம் எந்தப் பொம்பளைக்கும் தெரியும். பிரதீபாவாக இருக்குமோ என்று ஒரு நொடி பிடித்துத் தொங்கினேன். பிரதீபாவுக்கு இவர் ஒரு வாய் ஊட்டியதில்லை. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், குழந்தையைத் தூக்கினால் சட்டையெல்லாம் பஞ்சு, ஒட்டிக்கும், நீயே வெச்சுக்கோ என்பார். இவர் ஊட்டப் பழகியது வேறு எங்கோ. ஊதி ஆற்றப் பழகியது, குனிந்து ஆ காட்டப் பழகியது. நான் இத்தனை நாள் ஒரு பொம்பளையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தலையில் துணி கட்டி, சத்தமாகச் சிரிக்கிற ஒருத்தியை. ஒரு குழந்தை வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். ஞானப்பிரகாசம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார், என்னக்கா நல்லா வந்துச்சா என்றார். வந்தது என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி, மறைக்காம சொல்லுங்க. பையனா, பொண்ணா?"

தொலைவில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது, அவர் பக்கத்திலா என் பக்கத்திலா தெரியவில்லை. மாஸ்டர் சொல்லிட்டாரா என்று கேட்டார். சொல்லிட்டாரு என்றேன்.

"பொண்ணுக்கா. இப்ப பன்னெண்டு வயசு இருக்கும். அவங்கம்மா நம்ம மில்லு கேட்டுக்கு வெளியில தையக்கடை வெச்சிருந்தாங்க. நல்ல மாதிரிக்கா அவங்க. உங்களப் பத்தி அவங்களுக்குத் தெரியும்."

அவர்களுக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். அப்புறம் அவராகவே சொன்னார், மாஸ்டர் ஊருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாராம், நாலு மாசமாகப் போன் அணைந்து கிடக்கிறது என்று அங்கேயிருந்து தமக்கு இரண்டு தரம் கேட்டு வந்ததாம், என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மாலை மாடியில் நடக்கப்போகிறேன் என்று போவார். போன் பீரோவில் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு நான்தான் அணைத்து வைத்தேன், சொந்தக்காரர்கள் ஓயாமல் கூப்பிடுகிறார்கள் என்று. நம்பர் வேணுமாக்கா என்றார். வேண்டாம் என்றேன். வைத்துவிடப்போனவள் மறுபடி காதில் வைத்து, அனுப்பி வையுங்க என்றேன். ஏன் சொன்னேன். உங்கப்பன் சாகலை, பாதி இருக்கிறான் என்று சொல்லவா. எந்தப் பாஷையில். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வர வேண்டும். வரவழைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயசுக் குழந்தை ஒன்று நாலு மாதமாக ஒரு போனை அடித்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் வந்தது. கோபமெல்லாம் இவர்மேலேயே திரும்பி வந்து நின்றது. இவரை அடிக்க முடியாது. திட்டினால் பாதி முகம் அழும். கேள்வி கேட்டால் தண்ணி என்பார், வேண்டா என்பார். எல்லாவற்றையும் செய்துவிட்டு, எதையும் கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே வந்தேன். கரண்டி இன்னும் அங்கேயேதான் நீண்டிருந்தது. தோளிலிருந்து விரல்வரை கை முழுக்க ஆடியது, பழத்துண்டு விளிம்புக்கு வந்துவிட்டது, ஆனால் கீழே போடவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது கொஞ்சம் கவலையோடு, சாப்பிட மறுக்கிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி. கரண்டியை வாங்கப் பார்த்தேன். விடவில்லை. அந்தப் பிடியில் அப்படி ஒரு பலம். வாங்கித் தட்டில் எறிந்திருக்கலாம். யாருமில்லீங்க அங்க என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் அதைவிடக் கொடுமையாக எதையும் சொல்ல முடியாது, அதனாலேயே நாக்குவரை வந்தது. கை இன்னும் கீழே தாழ்ந்தது. இன்னும் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்தேன். ஆ என்றார். திறந்தேன். கரண்டி பல்லில் இடித்து உள்ளே வந்தது. இனிப்பாக, காரமாக, வெதுவெதுப்பாக. உதட்டோரத்தில் ஒட்டியதைக் கட்டைவிரலால் வழித்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் கை என் முகத்தை அப்படித் தொட்டதில்லை. இப்போதும் தொட்டது என்னை இல்லை. அது தெரிந்தும் நான் நகரவில்லை. அவர் மறுபடியும் தட்டில் துழாவி, இன்னொரு துண்டு எடுத்து, பொறுமையாக ஊதிக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து காத்திருந்தேன்.